ஏற்றுமதி கூடினால் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு வர்த்தகச் செய்தியைத் துருவிப் பார்ப்பது எப்படி

"ஏற்றுமதி உயர்வு, லட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை" என்று ஒரு தலைப்பு வரும். அடுத்த வாரமே "உலகச் சந்தை பெண்களைச் சுரண்டுகிறது" என்று இன்னொன்று வரும். இரண்டிலும் எண்கள் இருக்கும், இரண்டிலும் தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். கட்டுரை எழுதும் மாணவர், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவர், செய்தியாளர், தொழிற்சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்குத் தோதான ஆதாரங்களைத் திரட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்யாமல், ஒரு குறிப்பிட்ட வர்த்தக மாற்றம் ஒரு குறிப்பிட்ட இடத்துப் பெண்களின் வாழ்க்கையை என்ன செய்தது என்று படிப்படியாகப் பார்ப்பதற்கான வழிதான் இது. வேலை கிடைத்ததா என்பதோடு நிறுத்திவிடாமல், அந்த வேலையால் அவள் எதற்காவது "முடியாது" என்று சொல்ல முடிந்ததா என்பதுவரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"உலக வர்த்தகம் வளரும் நாடுகளின் பெண்களுக்கு நல்லதா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு பொருள், ஒரு நாடு, ஒரு காலகட்டம் என்று குறுக்குங்கள். வங்கதேசத்தின் ஆயத்த ஆடை, 1990க்குப் பிறகு. கென்யாவின் பச்சை பீன்ஸ், 1990கள். ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள சின்ன நாடான லெசோத்தோவின் ஜீன்ஸ், 2000க்குப் பிறகு. இப்படி.

ஏன் இவ்வளவு குறுக்க வேண்டும் என்றால், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான தொழிற்சாலைகள் இரண்டு நாடுகளில் நேர் எதிரான விளைவைத் தந்திருக்கின்றன. வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருந்த கிராமங்களை ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அந்த ஊர்களில் சிறுமிகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளிக்குப் போனார்கள், திருமணமும் முதல் பிரசவமும் தள்ளிப்போயின. எழுத்தும் கணக்கும் தெரிந்தால் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள். மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியபோது நடந்தது வேறு. டேவிட் அட்கின் நடத்திய ஆய்வின்படி, புதிதாக உருவான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே ஒன்பதாவது வரை படித்துக்கொண்டிருந்தார்கள், தொழிற்சாலைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை, பதினாறு வயதில் கையில் சம்பளம் என்றால் பள்ளியில் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எனவே வேலை வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த வேலை வருவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைத் தேடுங்கள். பாதி விளக்கம் அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்று, பெண் என்றாலே தொழிலாளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வர்த்தகத்தில் அவள் விவசாயி, சிறு வியாபாரி, நிறுவன உரிமையாளர், வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், பொருள் வாங்குபவர், அரசு மருத்துவமனையை நம்பியிருப்பவர் என்று பல இடங்களில் நிற்கிறாள். ஒரே வரிக்குறைப்பு இவர்களில் ஒருத்திக்கு லாபமாகவும் அடுத்தவளுக்கு நஷ்டமாகவும் முடியலாம். மலிவான இறக்குமதிப் பொருள் வந்தால் வாங்குபவளுக்குக் குடும்பச் செலவு குறையும், அதே பொருளை உற்பத்தி செய்துகொண்டிருந்தவளுக்குப் பிழைப்பு போகும். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலைகளை எண்ணுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

உலக வங்கியும் உலக வர்த்தக அமைப்பும் 2020இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வளரும் நாடுகளில் சர்வதேச வர்த்தகத்தில் ஈடுபடும் நிறுவனங்களின் பணியாளர்களில் 33 சதவீதம் பெண்கள், அப்படி ஈடுபடாத நிறுவனங்களில் 24 சதவீதம்தான். இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் உற்பத்தி செய்யும் பல இடங்களில் பெண்களை வேலைக்கு எடுப்பதே அரிது எனும்போது, ஏற்றுமதி நிறுவனம்தான் பல பெண்களுக்கு முதல் சம்பளச் சீட்டைத் தந்திருக்கிறது. இதை மறுப்பவர்கள் அந்தப் பெண்களிடம் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அடுத்து அந்தப் பெண்கள் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தையல் லைனில் எத்தனை பேர், சூப்பர்வைசராக எத்தனை பேர், கட்டிங் மாஸ்டராக எத்தனை பேர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் எத்தனை பேர்? முக்கால்வாசித் தொழிலாளிகள் பெண்களாக இருந்து, அவர்களை மேய்க்கும் சூப்பர்வைசர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்தால், அந்த ஆலையில் பாலியல் தொல்லை பற்றியும் கேட்க வேண்டியிருக்கும் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எவ்வளவு காலம் வேலையில் நிற்கிறார்கள்? எத்தியோப்பியாவில் கிறிஸ் பிளாட்மன், ஸ்டீபன் டெர்கான் இருவரும் ஐந்து நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலருக்குக் குலுக்கல் முறையில் தொழிற்சாலை வேலை, சிலருக்குச் சுயதொழில் தொடங்க சுமார் 300 டாலரும் பயிற்சியும், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தொழிற்சாலை வேலை கிடைத்தவர்களின் வருமானம் எதுவும் கிடைக்காதவர்களைவிடக் கூடியிருக்கவில்லை. பெரும்பாலோர் வேலையை விட்டே போயிருந்தார்கள், உடல்நலப் பிரச்சினைகளும் அவர்களிடம்தான் அதிகம். பணமும் பயிற்சியும் பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது, ஆனால் ஐந்து வருடத்தில் அந்த வித்தியாசமும் கரைந்துபோனது. ஆக, "10,000 வேலைகள் உருவாகின" என்று படித்தால் ஒரு வருடம் கழித்து அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே வேலைக்கு நாலு பேர் வந்துபோயிருந்தால் நாலு பேருக்கு வேலை கொடுத்ததாகவும் அறிக்கை எழுதலாம்.

தொழிற்சாலைதான் ஏற்றுமதி என்று இல்லை. சேவைத் துறையும் உண்டு. இந்தியாவின் வடக்கில் சில கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மூன்று வருடங்களுக்கு பிபிஓ வேலைக்கு, அதாவது மற்ற நிறுவனங்களின் ஃபோன், கணினி வேலைகளைச் செய்துகொடுக்கும் அலுவலக வேலைக்கு, ஆள் எடுப்பவர்களைப் போகச் செய்தார் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன். அந்த ஊர்களின் இளம்பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, திருமணமும் குழந்தைப்பேறும் தள்ளிப்போயின, பள்ளி வயதுச் சிறுமிகளின் படிப்பும் கூடியது. இதில் என்னை மிகவும் தொட்டது அந்தச் சிறுமிகளின் விஷயம்தான். வேலை இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே வீட்டில் அவர்களுக்கான செலவைக் கூட்டியிருக்கிறது. உங்கள் ஆய்விலும் வேலைக்குப் போன பெண்ணை மட்டும் பார்க்காமல் அவள் தங்கையையும் பாருங்கள்.

சம்பளத்தைப் பின்தொடருங்கள், வீட்டுக்குள்ளும்

ஒரு சம்பளத்தை இரண்டு விஷயங்களோடு ஒப்பிட வேண்டும், ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டால் நீங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்கே வந்து சேர்வீர்கள். ஒன்று, அவளுக்கு இருந்த மாற்று வழி: கிராமத்துக் கூலி வேலை, வீட்டு வேலை, சம்பளமே இல்லாத குடும்ப வேலை. இரண்டு, அந்த நகரத்தில் வாடகை கொடுத்துக் குடும்பத்தோடு வாழத் தேவையான தொகை. வங்கதேசத்தில் 2023 இறுதியில் ஆடைத் தொழிலாளிகளுக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 8,000 டாக்காவிலிருந்து 12,500 டாக்காவாக உயர்த்தப்பட்டது. பழைய சம்பளத்தோடு பார்த்தால் இது பெரிய உயர்வு. ஆனால் தொழிற்சங்கங்கள் விலைவாசியைக் கணக்கிட்டுக் கேட்டது 23,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், வாசகர் புரிந்துகொள்வார்.

ஓவர்டைமைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். "மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறார்" என்பதில் எட்டு மணி நேர வேலைக்கு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு? ஓவர்டைம் இல்லாமல் வீடு நடத்த முடியாது என்றால் அதை விருப்ப வேலை என்று சொல்லக் கூடாது.

அப்புறம் பணம் வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? பெண்ணுக்கு அதிகாரம் கிடைப்பது என்றால் என்ன என்பதை நைலா கபீர் 1999இல் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: கையில் உள்ள வளங்கள், தானாக முடிவெடுக்கும் திறன், அதனால் வாழ்க்கையில் அடைந்த பலன். நடைமுறையில் இது மிகவும் உதவும். சம்பளம் முதலாவதுதான். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள இப்படிக் கேட்கலாம்: சம்பளம் யார் கணக்கில் விழுகிறது, அந்த ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன, சொந்தச் செலவுக்கு யாரையாவது கேட்க வேண்டுமா, அம்மா வீட்டுக்குப் பணம் அனுப்பினால் சண்டை வருமா, வேலையை விட வேண்டும் என்று தோன்றினால் அதை யார் முடிவு செய்வார்கள்? மூன்றாவதற்கு: சொந்தப் பெயரில் ஏதாவது சொத்து வந்ததா, அடிக்கிற கணவனை விட்டு வெளியே வந்து வாடகை கொடுத்து இருக்க முடிந்ததா, மகள் எதுவரை படிக்கிறாள்? "வீட்டில் முடிவுகளில் உங்கள் பங்கு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். கடைசியாக வீட்டில் வாங்கிய பெரிய பொருள் எது, அதை வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள், உண்மையான விவரம் வரும்.

நேரக் கணக்கு

இதைப் பெரும்பாலான வர்த்தக ஆய்வுகள் விட்டுவிடுகின்றன, அதனால் நீங்கள் விடாதீர்கள். உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில், அதாவது சமைப்பது, துவைப்பது, பிள்ளைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது, தண்ணீர் சுமப்பது எல்லாம் சேர்த்து, 76.2 சதவீதத்தைப் பெண்கள்தான் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. ஆண்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு பெண் ஏற்றுமதி ஆலையில் பத்து மணி நேரம் நிற்க ஆரம்பித்தால் இந்த வேலை எங்கே போகிறது? ஒன்று அவள் தூக்கத்திலிருந்து கழிகிறது, இல்லையென்றால் மூத்த மகளின் பள்ளி நேரத்திலிருந்து கழிகிறது. ஒரு ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா, இருந்தால் உண்மையிலேயே அதில் குழந்தைகள் இருக்கிறார்களா, பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திறக்கிறார்களா என்று பாருங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் லைனில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். யாருமே இல்லையென்றால் குழந்தை பிறந்ததும் வேலை முடிந்துவிடுகிறது என்று அர்த்தம்.

அரசு வருமானமும் இங்கேதான் வந்து சேரும். ஏழை நாடுகள் பலவற்றில் அரசுக்கு வரும் வரியில் சுங்க வரி ஒரு முக்கியப் பங்கு, ஏனென்றால் துறைமுகத்தில் வசூலிப்பது எளிது. அதைக் குறைத்துவிட்டு வேறு வரியால் ஈடுகட்டவில்லை என்றால் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கும் பணம் சுருங்கும், அந்த வேலை மறுபடியும் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். ஒரு ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது இழக்கும் சுங்க வருமானம் எவ்வளவு, அது எதனால் ஈடுகட்டப்படுகிறது என்று தேடுங்கள்.

ஆர்டர் சங்கிலியில் யார் நஷ்டத்தைச் சுமக்கிறார்கள் என்று பாருங்கள்

என் பார்வையில் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான பகுதி இதுதான். ஆலை முதலாளியைக் கெட்டவராகக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அவருக்கு மேலே பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், இருக்கிறார். விலையையும் ஷிப்மெண்ட் தேதியையும் பையர் தீர்மானிக்கிறார், கடைசி நிமிடத்தில் டிசைனை மாற்றுகிறார், தேதியை மட்டும் மாற்றுவதில்லை. அப்போது ஆலையால் கூட்டவோ குறைக்கவோ முடிகிற ஒரே விஷயம் தொழிலாளியின் நேரம்தான். லைன் டார்கெட் ஏறும், கழிப்பறைக்குப் போனால் திட்டு விழும், முடியாத வேலை சப்காண்ட்ராக்டில் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் வீடுகளுக்கும் போகும். அந்த வீடுகளில் தைக்கும் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்ற தொழிலாளிகளைப்போல நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது, ஆனால் அதை உறுதிசெய்த நாடுகள் மிகக் குறைவு.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, அந்தக் கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது, ஆடைத் தொழிலாளிகள் மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொல்லி மிரட்டப்பட்டார்கள். அங்கே வேலை செய்த பெண்களுக்குச் சம்பளம் இருந்தது, வேலை இருந்தது. உள்ளே வர முடியாது என்று சொல்வதற்கான பலம்தான் இல்லை, அதற்கு ஒரு சங்கம் வேண்டும், அது அங்கே இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாற்றத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் உருவான அக்கார்ட் என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன, அது சட்டப்படி பிராண்டுகளைக் கட்டுப்படுத்தியது, ஆய்வு முடிவுகள் வெளியிடப்பட்டன, சரிசெய்யாத ஆலைகளுக்கு ஆர்டர் நின்றது. அதுவரை நடந்தவை பெரும்பாலும் பிராண்டுகள் தாங்களாகவே ஏற்பாடு செய்த, கேள்வி கேட்க ஆளில்லாத ஆடிட்டுகள். எனவே ஒரு நிறுவனம் "நாங்கள் பெண்களுக்காக இதைச் செய்கிறோம்" என்று சொன்னால் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: தொழிலாளிகளின் சங்கம் கையெழுத்திட்டிருக்கிறதா, மீறினால் வழக்குப் போட முடியுமா, மீறிய ஆலைக்கு ஆர்டர் குறையுமா? லெசோத்தோவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் சூப்பர்வைசர்களின் பாலியல் வற்புறுத்தல் வெளியே வந்த பிறகு 2019இல் மூன்று அமெரிக்க பிராண்டுகள், உள்ளூர்ச் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள் சேர்ந்து செய்த ஒப்பந்தத்திலும், 2022இல் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடும் பிராண்டுகளோடும் செய்த ஒப்பந்தத்திலும் இந்த மூன்றும் இருந்தன. புகார் செய்யும் பெட்டி வைத்திருக்கிறோம், மகளிர் தினத்தில் விழா நடத்தினோம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

ஆர்டர் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதும் ஒரு சோதனை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் வெளிநாட்டு பையர்கள் வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்களை ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்திவைத்தார்கள் என்று அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. இதில் தைத்து முடித்த துணிகளும் உண்டு. பையர்கள் கைகழுவிய இழப்பு கடைசியில் சம்பளம் வராத தொழிலாளிகளின் வாடகை பாக்கியாக வந்து நின்றது. நல்ல வருடத்தை மட்டும் வைத்து ஒரு துறையை மதிப்பிடக் கூடாது, மோசமான வருடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயலிலும் எல்லையிலும்

விவசாய ஏற்றுமதியில் நிலம் யார் பெயரில் என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். கென்யாவின் மேரு பகுதியில் காய்கறி பயிரிடுவது பெண்களின் வேலையாகவும் அதில் வரும் காசு பெண்களுடையதாகவும் இருந்தது. ஐரோப்பாவுக்குப் பச்சை பீன்ஸ் அனுப்பும் ஒப்பந்த விவசாயம் வந்தபோது ஒப்பந்தங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. களை எடுப்பதும் பறிப்பதும் பெண்கள் கையிலேயே இருந்தன, பணம் மட்டும் கணவர்களிடம் போனது என்று 2001இல் வெளியான ஆய்வில் கேத்தரின் டோலன் காட்டினார். ஒரு பயிர் லாபமாக மாறியதும் அது கைமாறுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால் ஏற்றுமதிப் பயிர் பற்றிய எந்தத் திட்டத்திலும் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, பணம் எந்தக் கணக்குக்கு, கூட்டுறவில் உறுப்பினராக நிலப் பட்டா தேவையா என்று கேளுங்கள். ருவாண்டா 2009க்குப் பிறகு நாடு முழுக்க நிலங்களைப் பதிவு செய்தபோது சட்டப்படி மணமான தம்பதிகளின் நிலத்தில் இருவர் பெயரையும் சேர்த்தது. வர்த்தகக் கொள்கை என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு மனைவி தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட வழிசெய்வது இப்படிப்பட்ட பதிவுதான்.

எல்லையில் தலைச்சுமையாகப் பொருள் கொண்டுபோய் விற்கும் பெண்களை அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தில் தேடாதீர்கள், இருக்க மாட்டார்கள். காங்கோவின் கோமாவுக்கும் ருவாண்டாவின் கிசென்யிக்கும் இடையே தினமும் கடக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி இவர்கள்தான். இவர்களுக்குச் சுங்க விகிதம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை, அதிகாரி தோன்றியபடி கேட்கும் காசும் அவமானமும் உடல்ரீதியான தொல்லையும்தான் பிரச்சினை. எல்லைச் சாவடியில் கட்டணப் பட்டியல் ஒட்டியிருக்கிறதா, சோதனை செய்யப் பெண் அதிகாரி உண்டா, வெளிச்சமும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்பதெல்லாம் இங்கே வர்த்தகக் கொள்கைதான்.

ஒப்பந்தத்தைப் படிக்கும் விதம்

இப்போது பல வர்த்தக ஒப்பந்தங்களில் பாலின சமத்துவம் பற்றி ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. 2016இல் சிலியும் உருகுவேயும் செய்த ஒப்பந்தத்திலிருந்து இந்தப் பழக்கம் தொடங்கியது, பிறகு கனடாவும் சிலியும் தங்கள் பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி அதில் ஒன்றைச் சேர்த்தன. 2017 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தின்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் பெண்களும் வர்த்தகமும் பற்றிய ஒரு பிரகடனத்தை ஆதரித்தன. ஆப்பிரிக்கக் கண்டத்து சுதந்திர வர்த்தகப் பகுதிக்கும் 2024இல் பெண்கள், இளைஞர்களுக்கான ஒரு நெறிமுறை ஏற்கப்பட்டது.

அத்தியாயம் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடாமல் நேராக அதன் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். தகராறு தீர்வு விதிகள் இந்த அத்தியாயத்துக்குப் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறதா? கனடா–சிலி அத்தியாயத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வினைச்சொற்களைக் கவனியுங்கள்: "முயலும்", "ஊக்குவிக்கும்", "அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும்" என்பவை யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாது. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தின் தொழிலாளர் பகுதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஒரே ஒரு ஆலையின் மீதே புகார் எழுப்பி அதன் ஏற்றுமதியைத் தடுக்க வழி இருக்கிறது, 2021இல் மெக்சிகோவின் சிலாவ் என்ற ஊரின் கார் ஆலை மீது அது பயன்படுத்தப்பட்டு, தொழிலாளிகள் அடுத்த ஆண்டு தாங்களே ஒரு சுதந்திரமான சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாலின அத்தியாயங்களுக்கு இப்படிப் பல் முளைக்கும்வரை அவற்றை நல்ல தொடக்கம் என்று மட்டும் சொல்லலாம்.

வரி மாறும் செய்தி வந்தால்

வெளிநாட்டுச் சந்தையில் கிடைக்கும் வரிச்சலுகையையோ கோட்டாவையோ நம்பிக் கட்டிய வேலை அதோடு போய்விடக் கூடியது. பல்நார் ஒப்பந்தம் என்று சொல்லப்பட்ட, பெரிய ஏற்றுமதி நாடுகள் அனுப்பும் ஆடைக்கு வரம்பு வைத்த கோட்டா முறை 2004 முடிவில் போனதும் லெசோத்தோவில் பல ஆலைகள் மூடின. 2025 ஏப்ரலில் அதே லெசோத்தோவுக்கு அமெரிக்கா 50 சதவீத வரியை அறிவித்தது, பிறகு 15 என்று குறைத்தது, ஆனால் பையர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வரியைத் தீர்மானித்த பேச்சில் அவர்களுக்கு இடமே இல்லை.

தண்டனையாக வரும் வரியும் இப்படித்தான். கம்போடியாவின் மனித உரிமை மீறல்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஆகஸ்டில் அந்நாட்டு ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு வரிச்சலுகையை நிறுத்தியது. காரணம் நியாயமானது, நானும் அதை ஆதரிப்பேன். ஆனாலும் அங்கே ஆடைத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், மீறல்களில் அவர்களுக்குப் பங்கில்லை. இதற்கு எளிய விடை கிடையாது. உங்கள் எழுத்தில் அந்தச் சிக்கலை அப்படியே வையுங்கள், ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு எழுத வேண்டாம்.

இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாஃப்டா என்ற பழைய வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு நவீன இயந்திரம் வாங்கிய மெக்சிகோ நிறுவனங்களில் உடல்பலம் தேவைப்படும் வேலை குறைந்து ஆலை வேலைகளில் பெண்களின் பங்கு கூடியது. வங்கதேச ஸ்வெட்டர் ஆலைகளில் தானியங்கிப் பின்னல் இயந்திரம் வந்ததும் வேலைகள் குறைந்தன, புது இயந்திரத்தை இயக்கும் பயிற்சி பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. புதிய இயந்திரம் என்று படித்தால் பயிற்சி யாருக்கு என்று கேளுங்கள்.

தகவல் எங்கே, யாரிடம்

ஆண், பெண் என்று பிரித்த வேலைவாய்ப்பு எண்களுக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தரவுத்தளத்தைப் பாருங்கள். எந்த நாட்டில் பெண் தன் பெயரில் சொத்து வைக்கலாம், எந்த வேலை அவளுக்குத் தடை என்பதற்கு உலக வங்கி வெளியிடும் பெண்கள், தொழில், சட்டம் பற்றிய அறிக்கை உதவும். ஒரு ஒப்பந்தம் வருவதற்கு முன்பே அதன் விளைவை மதிப்பிட வேண்டுமென்றால் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் 2017இல் வெளியிட்ட வர்த்தகம்–பாலினம் மதிப்பீட்டு முறை இருக்கிறது. நேரக் கணக்குக்கு அந்தந்த நாட்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சுங்கப் பட்டியல்களில் பெண் என்ற சொல்லே இருக்காது, அதனால் எந்தப் பொருளைப் பெரும்பாலும் பெண்கள் உற்பத்தி செய்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டு சுங்கப் பட்டியலில் அந்தப் பொருளுக்குக் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

நேரில் பேசும்போது ஆலைக்குள் பேசாதீர்கள், ஆலை நிர்வாகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஆட்களோடு மட்டும் பேசி முடித்துவிடவும் வேண்டாம். விடுமுறை நாளில், அவர்கள் வசிக்கும் இடத்தில், முடிந்தால் ஒரு பெண் உடனிருக்கப் பேசுங்கள். வேலையை விட்டுப் போனவர்களைக் கட்டாயம் தேடுங்கள், ஏனென்றால் நின்றவர்களை மட்டும் கேட்டால் தாங்கிக்கொள்ள முடிந்தவர்களின் கதை மட்டும்தான் வரும். பெயர், லைன் எண், ஷிஃப்ட் எதையும் எழுத்தில் விடாதீர்கள், மூன்று விவரம் சேர்ந்தாலே ஆலையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் தொல்லை பற்றி யாராவது சொன்னால் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு அவருக்கு இப்போது என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். வேலையிடத்து வன்முறைக்கு எதிரான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது, அந்த நாடு அதை உறுதிசெய்திருக்கிறதா, புகாரை எங்கே கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

எழுதி முடித்ததும் அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்பும் முன் உங்களோடு பேசிய பெண்களிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைத் திரும்பவும் கேளுங்கள், ஆர்டர் குறையும் மாதமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.